கயிறும் கத்தியும்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நாற்று நடப் போனவள் நான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிற ஊரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவேன். ஒருநாளும் பெருவிரலை மையில் முக்கியதில்லை. ஆனால் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நாள்காட்டியில் கிழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் அன்றைக்கு என்ன நட்சத்திரம், எப்போது ராகுகாலம் என்று அச்சடித்திருக்கிறது. அதைக் கவிழ்த்துப் போட்டு எழுதுவதில் எனக்கு ஒரு திருப்தி. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் மகளின் மகளுக்கு இது எட்டாம் மாதம். இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இந்தப் பிள்ளை தானாகப் பிறக்கட்டுமா, மறுபடியும் கீறி எடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பேச்சு என்றால் எல்லாரும் பேசுகிறார்கள், வயிற்றைச் சுமப்பவள் மட்டும் பேசவில்லை. போன வாரம் நான் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

“ஆச்சி, எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. தானாப் பெறுததா, கீறிப் பெறுததா?”

“ரெண்டுலயும் ரத்தம் வரும்ட்டி. ரத்தம் இல்லாம வர அது என்ன பலகாரமா?”

அவள் சிரிக்கவில்லை. தன் வயிற்றின் அடியில் கையை வைத்து, பழைய தையல் இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். கண்ணில் பயம். அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டையும் கண்ணால் பார்த்தவள், ஒன்றை உடம்பால் பட்டவள் சொல்கிறேன். இவளைப் போலக் கேட்டுக்கொண்டு நிற்கிற மற்றப் பெண்பிள்ளைகளுக்கும் ஆகட்டும்.

முதலில் என் கதை. சுகப்பிரசவம் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவன் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஆறு தடவை உள்ளே போய் வந்தேன், சுகம் எந்த மூலையில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்த வீடு குற்றாலத்துக்குக் கிழக்கே வயலுக்கு நடுவில் இருந்தது. வலி வந்தால் தொழுவத்தை ஒட்டிய அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். மேலே விட்டத்தில் ஒரு கயிறு தொங்கும். மாடு கட்டுகிற கயிறுதான். அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குத்தவைத்து முக்க வேண்டும். வலி ஏறும்போது நான் கயிற்றில் தொங்குவேன், விட்டம் முனகும். மருத்துவச்சி எனக்கு முன்னால் உட்கார்ந்து, என் தொடைகளைத் தன் முழங்காலால் அகட்டிப் பிடிப்பாள். பின்னாலிருந்து என் மாமியார் மேல்வயிற்றில் முழங்கையை ஊன்றி, நெல் மூட்டையை வண்டிக்குள் தள்ளுகிற மாதிரி நெம்புவாள். என் வாயில் துணி திணித்திருக்கும். வெளியே ஆண்கள் இருப்பார்கள், சத்தம் அவர்கள் காதில் விழக் கூடாது.

“தாங்கிக்கோ,” என்பாள் மாமியார். நெம்பும்போதெல்லாம் “தாங்கிக்கோ.”

முதல் பிள்ளையின்போது என் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. கீழே கிழிந்தது. கிழிந்ததைத் தைக்க ஆள் கிடையாது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் அப்பி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் படுக்கப் போட்டார்கள். கிழிந்தது கிழிந்த மாதிரியே ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்குப் போகும்போது தீயில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், கதவு நிலையைக் கடிப்பேன். நிலையில் என் பல் தடம் வெகுகாலம் இருந்தது.

இரண்டாவதும் மூன்றாவதும் பெண். மூன்றாவது பெண் என்று மருத்துவச்சி சொன்ன உடனே என் வீட்டுக்காரர் வெந்நீர் வைத்திருந்த செப்புப் பானையைக் காலால் எத்தினார். வெந்நீர் அறை முழுக்க ஓடி என் முதுகுக்குக் கீழே வந்தது. பிள்ளையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முதுகில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அந்த மூன்றாவது பெண்தான் இன்று எனக்குக் கஞ்சி ஊற்றுகிறவள், இந்தப் பேத்தியின் தாய்.

நாலாவதை நான் வளர்க்கவில்லை. அது கால் முன்னே வந்தது. சிற்றாற்றில் வெள்ளம், வண்டி இறங்க வழியில்லை. ஒரு பகல் முழுக்க அந்தக் கால் வெளியே தெரிந்துகொண்டிருந்தது, அதற்கு மேல் வரவில்லை. முதலில் வந்த தண்ணீர் பச்சையாக, குளத்துப் பாசி கலந்த மாதிரி இருந்தது. மருத்துவச்சி காலைப் பிடித்து இழுத்தாள். மாமியார் என் வயிற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். என் உடம்பு இரண்டாகப் பிளப்பது எனக்குக் கேட்டது. ஆம், கேட்டது, துணி கிழிகிற சத்தம். பிள்ளை வந்தபோது கழுத்தில் கொடி இறுகச் சுற்றியிருந்தது. நாவல் பழ நிறம். தலைகீழாகப் பிடித்து அறைந்தார்கள், சுடுதண்ணீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார்கள். அழவில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

“ஆணா, பெண்ணா?” என்று கேட்டேன்.

“அத வச்சி இப்ப என்ன செய்யப் போற? படு,” என்றாள் மாமியார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஒரு கத்தி இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும். இதைப் பிற்பாடு ஒரு டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்தது கயிறு மட்டும்தான்.

அதற்குப் பிறகும் இரண்டு பெற்றேன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கருப்பை இறங்கிவிட்டது. வயலில் குனிந்தால் வெளியே வரும். கையால் உள்ளே தள்ளிவிட்டு நட்டிருக்கிறேன். இதை நான் எந்த ஆண்பிள்ளையிடமும் சொன்னதில்லை. இப்போது வாசிக்கிற ஆண்பிள்ளைகள் வாசித்துக்கொள்ளட்டும். ஆனாலும் பெருமையாகத்தான் சொல்கிறேன், இந்தப் பக்கத்தில் என்னைப் போல நடவு நட்டவள் கிடையாது.

என் மகள் முறை வந்தபோது தொழுவம் இல்லை, ஆஸ்பத்திரி வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், அங்கே வேலை செய்தவர்கள் யாரும் இப்போது இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே என் மகள் கத்தினாள். பிறகு ஒரு அறை விழுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல்:

“அப்ப இனிச்சிச்சு, இப்பக் கத்துதியோ? வாய மூடித் தாங்கிக்கோ!”

மறுபடி அறை. மரத்துப்போகிற ஊசி பிடிப்பதற்கு முன்னாலேயே கீழே அறுத்துவிட்டார்கள், தைக்கும்போது ஒவ்வொரு குத்தும் தெரிந்தது என்றாள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டினேன். தொடையில் ஐந்து விரலும் பதிந்து கன்றியிருந்தது. பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். தையல் நேராக ஆறியது, என்னைப் போலக் கோணலாக இல்லை. ஆனால் அந்த மகள் அதற்கு மேல் ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரே பிள்ளைதான் என் பேத்தி.

பேத்தியைக் கடையத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை போலீஸ். நல்ல வயல், நல்ல வீடு. மாமியார்காரிக்கு ஜோசியத்தில் நம்பிக்கை அதிகம், மாடு வாங்கவே நேரம் பார்க்கிறவள். பேத்தி முதலில் உண்டானபோது, வளைகாப்பு முடித்து இங்கே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குற்றாலம் போகிற ரோட்டுமேல் வீடு. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிள்ளையின் தலை கீழே திரும்பி நன்றாக இருக்கிறது, தானாகவே பிறக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு வாயெல்லாம் பல். பேத்தியும் என்னைப் பார்த்து, “நீங்க அத்தன பெத்தீங்க, நான் ஒண்ணு பெற மாட்டனா?” என்றாள்.

அப்போதுதான் சம்பந்தி ஒரு தாளோடு வந்து இறங்கினாள். நாலு ஓரமும் மஞ்சள் தடவிய தாள்.

“அத்தே, ஜோசியர் வெள்ளிக்கிழமை காலையில நேரம் குறிச்சுக் குடுத்துருக்காரு. மகம். அந்த நேரத்துல கீறி எடுத்தா கலெக்டர் ஜாதகமாம்.”

“அப்ப எங்க வீட்டுல பொறந்ததெல்லாம் என்ன ஜாதகம்? மாடு மேய்க்கிற ஜாதகமா?”

“அதான் பாக்கமே,” என்றாள், எங்கள் பழைய வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. “ஏளா, எங்க வம்சத்துல ஒருத்தி வயித்துலயும் கத்தி பட்டதில்ல. நல்லா இருக்கிற வயித்த எதுக்குக் கீறணும்?”

“காலம் மாறிட்டு அத்தே. நீங்க இன்னும் கயித்தப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க.”

டாக்டரம்மாவிடமும் போய் மன்றாடினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையும் பிடிவாதம் பிடித்ததால் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார்: “அதுக்கு முன்னால வலி வந்துட்டா நான் நாள் நட்சத்திரம் பாக்க மாட்டேன். அந்த நிமிசமே கூட்டிட்டு வந்துரணும்.” எல்லாரும் தலையாட்டினோம்.

வலி வியாழக்கிழமையே வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆயில்யம். ஆயில்யத்தில் பெண் பிறந்தால் அது போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பயம் இந்தப் பக்கத்தில் உண்டு. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண்ணாக இருந்து ஆயில்யத்தில் விழுந்தால் நாளைக்கு எவள் மருமகளாக எடுப்பாள் என்று சம்பந்திக்கு நடுக்கம். பேத்தி வலி வந்ததும் முதலில் போனில் அவளுக்குத்தான் சொல்லியிருக்கிறாள், அப்படித்தான் அவளுக்கு உத்தரவு. சம்பந்தி, யாரிடமும் சொல்லாதே, மறைத்துக்கொள், நடக்காதே, படுத்துக்கிட என்று சொல்லிவிட்டாள். இவளும் பயந்துகொண்டு விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

மதியம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியைப் பிடித்த கையில் விரல்முட்டு வெளுத்துப் போயிருந்தது. கீழுதட்டில் ரத்தம். அந்தக் கையை நான் எங்கே பார்த்தேன்? கயிற்றில் பார்த்தேன். எழுந்து போய் அவள் வயிற்றில் கையை வைத்தேன். கல்.

“எப்ப இருந்துட்டி?”

“ஒண்ணுமில்ல ஆச்சி.”

“வாயத் தொற. எப்ப இருந்து?”

இன்னொரு கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிடுங்கினேன். போன். அதற்குள்ளிருந்து சம்பந்தியின் குரல் வந்துகொண்டிருந்தது: “தாங்கிக்கோ தாயி, மூச்சப் பிடிச்சுக்கோ, விடிஞ்சா மகம் வந்துரும், தாங்கிக்கோ...”

போனைக் கொண்டுபோய் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தேன். புதுப் போன். இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. திரும்பி வந்தபோது பேத்தியின் காலுக்குக் கீழே தண்ணீர் உடைந்து ஓடியது. தரையில் பார்த்தேன். பச்சை. பாசி மாதிரி.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை என் மகள்தான் சொன்னாள். ரோட்டில் வந்த ஒரு ஆட்டோவின் குறுக்கே போய் விழுந்தேனாம். சீசன் நேரம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகிற கார், வருகிற கார், வேன் எல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவில்லை. உள்ளே பேத்தி என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். இறங்கினேன். ரோட்டோரத்தில் கிடந்த செங்கல் துண்டை எடுத்து முன்னால் நின்ற காரின் முகத்தில் அடித்தேன். விளக்கு தெறித்தது.

காரிலிருந்து ஒருவன் பாய்ந்து இறங்கி என் கையை முறுக்கினான். “பைத்தியமா உனக்கு?”

“ஆமாலே, பைத்தியந்தான்! உள்ள பிள்ள சாவுது, வண்டிய எடு! இல்லைன்னா அடுத்தது உன் மண்டை!”

அவன் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான். கையை விட்டுவிட்டான். அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் வழிய ஈரத் துண்டோடு வந்துகொண்டிருந்த சிலரைக் கூப்பிட்டு, எல்லாருமாகச் சேர்ந்து வண்டிகளை ஓரம் தள்ளி வழி விட்டார்கள். எந்த ஊர்க்காரர்களோ, நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் பேத்தியின் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி மிஷினில் மாட்டினார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. முதலில் குதிரை ஓடுகிற மாதிரி. பேத்திக்கு வலி ஏறும்போது அது மெள்ள மெள்ள, மேட்டில் பார வண்டி ஏறுகிற மாதிரி ஆகிவிடும். வலி இறங்கின பிறகும் பழைய ஓட்டத்துக்கு வரவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஆச்சி, பிள்ள உள்ளயே வெளிக்குப் போயிருக்கு. துடிப்பு இறங்குது. கருப்ப வாய் இன்னும் பாதி கூடத் தொறக்கல. காத்துருக்க நேரம் இல்ல, இப்பவே கீறி எடுக்கணும்.”

“கீறுங்க தாயி,” என்றேன். யோசிக்கவே இல்லை.

அதற்குள் போன் அணைந்ததும் பதறிப்போன சம்பந்தியும் மாப்பிள்ளையும் கடையத்திலிருந்து காரில் வந்து சேர்ந்துவிட்டார்கள். சம்பந்தி நர்சைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராகக் கட்டிலுக்குப் போனாள். பேத்தியின் இரண்டு முழங்காலையும் சேர்த்து, தன் மார்பை வைத்து அழுத்தினாள்.

“இறுக்கிக்கோ தாயி! இன்னிக்கு விட்டுராத! டாக்டரம்மா, நாளைக்குக் கீறுங்க, இன்னிக்கு வேண்டாம், ஆயில்யம்!”

கத்தி வேண்டும் என்று தாளோடு வந்தவள் வேண்டாம் என்றாள். எங்கள் வம்சத்தில் கத்தி படாது என்று நெஞ்சை நிமிர்த்தியவள் நான் வெட்டு வெட்டு என்று கத்தினேன். பேத்தி கால்களை உதறினாள், மாமியார் விடவில்லை. மிஷினில் வண்டி மேடேற முடியாமல் நிற்கிற சத்தம். எனக்குத் தொழுவம் ஞாபகம் வந்தது. வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்த கனம் ஞாபகம் வந்தது.

சம்பந்தியின் கொண்டையைப் பிடித்தேன். பூ கையோடு வந்தது. மயிரைப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் அவள் பின்னால் வந்து இரும்பு அலமாரியில் மோதினாள். என் கையைக் கவ்வினாள். பல் எலும்பு வரைக்கும் இறங்கியது, நான் விடவில்லை. இன்னொரு கையால் கன்னத்தில் ஒன்று வைத்தேன். “ஏளா, மாமியாருக்கு ஆகாதோ? ஆகாண்டாம்! எந்த மாமியாருக்கும் ஆகாண்டாம்!” என்று கத்தினேன். மாப்பிள்ளை வந்து என் கையைப் பின்னால் முறுக்கினான். போலீஸ் பிடி. தோளில் ஏதோ நழுவியது.

“ஏ கிழவி, எங்க அம்மைய விடு! கைய ஒடிச்சிருவேன்!”

கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. விடிந்ததிலிருந்து வாய் திறக்காதவள் குரல்.

“ஆச்சிய விடுங்க! என் வயிறு இது. பேப்பர எங்கிட்டக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்!”

“அவ சம்மதம் போதும்,” என்றார் டாக்டரம்மா. “மத்தவங்க எல்லாம் வெளிய போங்க.”

வலியிலேயே போட்டாள். எழுத்து தாளை விட்டுச் சரிந்து ஓடியது. எங்கள் எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவை அடைத்தார்கள். வராந்தாவில் ஒரு ஓரத்தில் சம்பந்தி மயிரை விரித்துப் போட்டுக்கொண்டு அழுதாள். எதிர் ஓரத்தில் நான் என் கையில் வழிகிற ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் இரண்டு பேருக்கும் நடுவில், வெந்நீர் பிளாஸ்க்கைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. “பொம்பளப் பிள்ள. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அழுதுட்டா, பயமில்ல,” என்றார் நர்சு. நான்தான் கையை நீட்டினேன். சிவப்பாக, ஆங்காரமாக அழுதது. நாவல் பழ நிறம் இல்லை. அந்த நிறத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது. கையை நீட்டினான்.

“அந்தக் கைய நல்லாக் கழுவிட்டு வாடே,” என்றேன்.

போய்க் கழுவிவிட்டு வந்தான். கொடுத்தேன்.

இனி கீறலின் கதை. பேத்தியே எனக்குச் சொன்னது. “வலிக்கல ஆச்சி. இடுப்புக்குக் கீழ எனக்குக் காலே இல்ல. ஆனா யாரோ வயித்துக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் துணி அலசுத மாதிரி இருந்துச்சு.” மறுநாள் எழுந்து நில் என்றார்கள். எழுந்தாள். அலறினாள் பாருங்கள், நான் கயிற்றில் தொங்கியபோது கூட அப்படி அலறியதில்லை. இருமினால் வயிற்றைத் தலையணையால் அமுக்கிப் பிடிப்பாள். தும்மலுக்குப் பயப்படுவாள். சிரித்தால் கண்ணீர் வரும், அதனால் அவளைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. பால் இறங்கச் சுணங்கியது. தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்க முடியாமல் பார்த்துக்கொண்டே அழுவாள். எனக்கு மூன்றாம் நாள் அடுப்படிக்குப் போக முடிந்தது. இவளால் ஒரு குடம் தூக்கக் கூட எத்தனையோ வாரம் ஆனது.

பார்க்க வந்த ஒருத்தி, “பரவால்ல, நோகாமப் பெத்துட்டா,” என்றாள்.

“உன் வயித்த ஏழு அடுக்காக் கீறித் தைச்சிட்டு வா. பெறவு நோகாமன்னு சொல்லு,” என்றேன். காப்பி குடிக்காமலேயே போய்விட்டாள்.

ஆகவே இதுதான் எனக்குத் தெரிந்தது. தானாகப் பிறந்தால் வேதனை முன்னால், உடம்பு சீக்கிரம் எழும்பும். ஆனால் பக்கத்தில் கைபட்ட ஆளும், அவசரத்துக்கு ஒரு கத்தியும் இல்லை என்றால் அது கயிறுதான், தொழுவம்தான். கீறி எடுத்தால் வேதனை பின்னால், தழும்பு வயிற்றோடு இருக்கும், அடுத்த பிள்ளைக்கு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் வேண்டிய நேரத்தில் அது உயிர். வேண்டாத நேரத்தில், ஒரு ஜாதகத்துக்காக, அது சும்மா ஒரு வெட்டு. தானாகப் பெற்றேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவளும், கீறிப் பெற்றவளைக் கேலி பேசுகிறவளும் என் முன்னால் வர வேண்டாம். நானே அப்படி நிமிர்த்தியவள்தான். இப்போதும் நிமிர்த்துவேன், வேறு காரணத்துக்கு.

இப்போது இரண்டாவது. டாக்டரம்மா பேத்தியை உட்கார வைத்துச் சொன்னார், நானும் இருந்தேன். முதல் தடவை கீறினால் இந்தத் தடவையும் கீறித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய தையல் குறுக்கே, கீழே இருக்கிறது, தானாகப் பெற முயன்று பார்க்கலாம். ஆனால் வலியில் அந்தத் தையல் விட்டுப்போகிற ஆபத்து கொஞ்சம் உண்டு. விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. அதனால் உடனே கீறவும் ரத்தம் ஏற்றவும் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். வலி வந்தால் ஒரு நிமிடம் கூட மறைக்கக் கூடாது. இல்லை, நேரே கீறியே எடுப்போம் என்றால் அதுவும் தப்பில்லை. “முடிவு உன்னோடது,” என்றார்.

முடிவு அவளுடையதாம். இன்று காலையில் சம்பந்தி வந்து இறங்கிவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையோடு கூட்டி வந்த அந்த ஆயில்யத்துப் பிள்ளை அவள் மடியிலேதான் கிடக்கிறது, அவளைத் தவிர யார் கையிலும் சோறு தின்னாது. அவள் கையில் மறுபடியும் ஒரு மஞ்சள் தடவிய தாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறான். என் பேத்தி அடுப்படியில் எனக்குப் பின்னால் நின்று, கேட்கிறவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். நேற்று மாடியில் தன் முடிவை என்னிடம் சொல்லிவிட்டாள். கூடத்தில் போய்ச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அன்றைக்குக் கட்டிலில் எழும்பிய நாக்கு.

அதனால் அவள் வார்த்தையை நான் இங்கே எழுதி வைக்கிறேன். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் தானாகப் பெற முயன்று பார்ப்பேன். கீற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அந்த நிமிடமே கீறட்டும். என்ன நட்சத்திரமாக இருந்தாலும் சரி. வலி வந்தால் என் வாயை மூட மாட்டேன். தாங்கிக்கோ என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

எழுதி முடித்துவிட்டேன். கையில் பல் தடம் இருக்கிற இடம் வலிக்கிறது.

ஏட்டி, காப்பிய அங்கன வச்சுட்டு இங்கன வா. இந்தத் தாளையெல்லாம் எடுத்துக்கோ. எனக்குக் கண்ணு தெரியல, நான் எழுதுனது சரிதானான்னு வாசிச்சுக் காட்டு. இங்க நின்னு இல்லட்டி, கூடத்துல போய் நின்னு. எல்லாருக்கும் கேக்குத மாதிரி. முதல்ல இருந்து, எனக்கு வயசு எழுபத்து நாலுன்னு இருக்குல்லா, அங்கன இருந்து ஆரம்பி.